கருணைக் கிழங்கும் களிம்பு டியூபும்

மேல்சித்தாமூருக்கு நான் போனது ஜினகாஞ்சி மடத்தையும் மலைநாதர் கோயில் பாறைச் சிற்பங்களையும் பார்க்க. பெரியப்பாவும் கூட வந்தார். திண்டிவனத்தில் பஸ் ஏறியதிலிருந்து மனிதர் சீட்டில் நெளிந்துகொண்டே இருந்தார். கேட்டதற்குப் பையிலிருந்து ஒரு டியூபைக் காட்டினார். "மூலம்தான்டா. ரெண்டு வருஷமா இதைத்தான் தடவுறேன்."

தமிழ்ச் சமணத்தின் தலைமை இடத்துக்குப் போகிற வழியில் இந்தச் சொல் வந்ததே என்று நினைத்தேன். சமணரான காரியாசான் எழுதிய நீதிநூலின் பெயர் சிறுபஞ்சமூலம். அங்கே மூலம் என்றால் வேர். ஐந்து சிறு வேர்கள் சேர்ந்த மருந்து. சமணர் சொல்லும் நான்கு தானங்களில் மருந்தும் ஒன்று. ஆனால் ஒரு வேடிக்கை: மூலத்துக்கு நம் வீடுகளில் சொல்லும் முதல் வைத்தியம் கருணைக் கிழங்கு. அதன் இனமான சேனைக்குச் சமஸ்கிருதத்தில் 'அர்சோக்னம்', அதாவது மூலத்தை அழிப்பது என்றே பெயர். கண்டிப்பாக நோன்பு காக்கும் சமணரோ மண்ணுக்கடியில் விளையும் கிழங்கைத் தொடமாட்டார்கள்!

சுசுருத சம்ஹிதை மூலத்துக்கு நாலு வழி சொல்கிறது: மருந்து, காரம், சூடு, கத்தி. நோய் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துத்தான் வழி. இந்தப் 'பார்த்து' என்பதைத்தான் டியூப் நம்மிடமிருந்து பிடுங்கிவிட்டது.

டியூபுக்குள் இருப்பதெல்லாம் அண்மைக்காலச் சரக்கு. மரத்துப்போகச் செய்யும் லிடோகெயினை 1943இல் ஸ்வீடனில் நில்ஸ் லோஃப்கிரன் உருவாக்கினார். ஹைட்ரோகார்டிசோனைத் தோலில் பூசலாம் என்று தெரிந்தது 1952இல். இரண்டும் எரிச்சலையும் அரிப்பையும் அடக்கும், மூலத்தைக் கரைக்காது. ஸ்டீராய்டு கலந்ததை நாள்கணக்கில் பூசினால் தோல் மெலிந்துவிடும். அதனால் கடையில் வாங்கிப் பூசுவதாக இருந்தால் ஒரு வாரம், அதற்குமேல் வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, ஒற்றித் துடைத்து, கொஞ்சமாகத் தடவினால் போதும். இரத்த அழுத்தமோ இதய நோயோ இருந்தால் ஃபினைலெஃப்ரின் சேர்ந்ததை டாக்டரைக் கேட்காமல் தொடாதீங்க. நார்ச்சத்தும் தண்ணீரும் சேர்த்து, கழிப்பறையில் முக்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

இரத்தம் வந்தால்? "அது மூலத்தில் வர்றதுதான்" என்றார் பெரியப்பா. அப்படித்தான் எல்லாரும் சொல்கிறோம். வெட்கம் வேறு. மூலமும் இரத்தம் கசியும், குடல் புற்றும் கசியும். வெளியிலிருந்து பார்த்துப் பிரித்துச் சொல்ல முடியாது. அதிலும் நாற்பது, ஐம்பதைத் தாண்டியவர்கள், உடம்பு இளைத்தவர்கள், மலம் போகும் பழக்கம் மாறியவர்கள் ஒருநாளும் தள்ளிப்போடக் கூடாது.

அவரை ஆஸ்பத்திரிக்கு நான் இழுத்துத்தான் போனேன். குழாய் விட்டுப் பார்த்தார்கள். மூலமும் இருந்தது, அதற்கு மேலே குடலில் கட்டியும் இருந்தது. ஆபரேஷன் முடிந்து ஆறு மாதம் ஆகிறது. மேல்சித்தாமூரில் நின்று பார்க்காமல் விட்ட சிற்பங்களைப் பார்க்க மறுபடி போகணும் என்கிறார். பஸ் வேண்டாமாம், கார்தான்.