கோட்டையும் குடியும்

நாம் வாழும் இப்பெருநகர் முன்னாளில் கோட்டைகள் காத்த தீவுக்கூட்டமாகும். 1661ஆம் ஆண்டுத் திருமண உடன்படிக்கையின்படி போர்ச்சுகீசியர் பம்பாயை ஆங்கில மன்னர்க்குச் சீதனமாக அளித்தனர். 1668இல் அதனை ஆண்டுக்கு 10 பவுன் வாடகைக்குக் கிழக்கிந்தியக் கும்பினி பெற்றது. வடக்கே சால்செட் தீவு போர்ச்சுகீசியர் வசமே இருந்தமையால், எல்லைக் குன்றின்மீது சயான் கோட்டை எழுந்தது. எல்லை எனப் பொருள்படும் 'சீவ்' என்னும் மராத்திச் சொல்லே சயான் எனத் திரிந்தது என்பர்.

தாராவியில் மித்தி ஆற்றையொட்டி நிற்கும் காலா கில்லா, அதாவது கறுப்புக் கோட்டை, 1737இல் ஆளுநர் ஜான் ஹார்ன் ஆணையால் கட்டப்பட்டதென்று அதன் கல்வெட்டு உரைக்கிறது. அவ்வாண்டில்தான் மராத்தியர் சால்செட்டினுள் புகுந்தனர். 1739இல் வசாய்க் கோட்டையும் அவர்பால் வீழ்ந்தது. காவல் காத்த எல்லையே பிற்காலத்தில் மறைந்தபின் கோட்டைக்கு வேலை ஏது?

ஆயின் இக்கோட்டைகளுக்கு முன்பே கழியோரத்தில் வலைவீசி வாழ்ந்த கோலி மக்கள் இன்றும் தாராவியிலும் டிராம்பேயிலும் வாழ்கின்றனர். ஆளுநர் பெயரைத் தாங்கும் கல்வெட்டில், கல் சுமந்தோர் பெயர் இல்லை.

நம் வரலாறும் அத்தகையதே. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 மே மாதம், ஜனதா காலனியிலிருந்து ஏறத்தாழ 70,000 மக்கள் அகற்றப்பெற்றனர். கோலார் தங்கவயலில் பிறந்த ஜோக்கின் அற்புதம் முன்னின்று நடத்திய போராட்டமும் அதனைத் தடுக்க இயலவில்லை. சேற்றுநிலமாயிருந்த சீத்தா கேம்ப்பை மண்கொட்டி மேடாக்கி ஊராக்கியவர்கள் அம்மக்களே. ஜனதா காலனிக்கோ, அதன் பெயர்சொல்ல ஒரு மதிற்சுவரும் எஞ்சவில்லை.

கெல்டிய நாடாகிய வேல்ஸை வென்ற ஆங்கில மன்னன் முதலாம் எட்வர்டு, அந்நாட்டாரை அடக்கிவைக்கவே 1283இல் கார்னார்வன், கான்வி முதலிய கோட்டைகளைக் கட்டத் தொடங்கினான். அவை இன்று சுற்றுலாப் பயணிகள் கண்டுகளிக்கும் இடங்கள். அடக்கப்பட்டோர் மொழியையோ ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் இன்றும் பேசுகின்றனர். தாய்மொழியை மக்கள் வழிவழியாகப் பிள்ளைகட்குக் கற்பித்து வந்ததே அதற்குக் காரணம்.

காலா கில்லாவைக் காட்டி நம் பிள்ளைகட்கு வரலாறு சொல்வோம். அத்துடன், ஜனதா காலனியின் தெருக்களையும், அங்கிருந்து மூட்டைமுடிச்சுடன் வந்த நாளையும் நம் பெரியோர் வாய்மொழியாகக் கேட்டுத் தமிழில் எழுதிவைப்போம். அவற்றை அறிந்த முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். இப்பணி இன்றே தொடங்கத் தக்கது.