ஒரே ரிமோட், மூணு பாட்டுப் போட்டி

தேன்கனிக்கோட்டை பக்கம் ஒரே வீட்டுக்குள்ள மூணு மொழி ஓடும். எங்க வீடும் அப்படித்தான். 1996-ல் ஈடிவியில் எஸ்.பி.பி. 'பாடுதா தீயகா' ஆரம்பிச்சார். அம்மாவுக்கு அதுதான் உசுரு. ஆனேக்கல்லேர்ந்து வந்த என் சம்சாரத்துக்கு கன்னடத்து 'எதெ தும்பி ஹாடுவெனு'. அதை நடத்தினதும் அவரேதான்! எனக்கு சன் டிவியில் ஏ.வி.ரமணனோட 'சப்தஸ்வரங்கள்'. என் முறை வர்றதுக்குள்ள கரண்ட் போயிடும்.

2006-ல் விஜய் டிவியில் 'சூப்பர் சிங்கர்' வந்ததும் ரிமோட் பசங்க கைக்குப் போச்சு. 2017-ல் ஜீ தமிழில் 'சரிகமப'. அப்புறம் அவங்களுக்குள்ளேயே சண்டை.

இப்போ சிப்காட்ல ஷிப்ட் முடிச்சு வர்ற பெரியவன் போன்ல கரோக்கி பாடறான். 1971-ல் ஜப்பான்ல, கோபே நகரத்துல டைசுகே இனோவே அந்தப் பெட்டியைச் செஞ்சாராம். காப்புரிமைகூட வாங்கலை, நம்மாளு மாதிரி. 'கரா'ன்னா காலி, 'ஓகே' ஆர்கெஸ்ட்ராவோட சுருக்கம். வாத்தியம் இருக்கும், பாடறவர் இருக்க மாட்டார்.

2020 செப்டம்பர் 25. தக்காளி பறிச்சிட்டு மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். எஸ்.பி.பி. போயிட்டார்னு டிவியில ஓடுது. அம்மா தெலுங்கு சேனல் வெச்சிருந்தாங்க. சம்சாரம் பக்கத்துல உக்காந்திருந்தா, மாத்தச் சொல்லலை. ரெண்டு பேரும் அன்னிக்குச் சாப்பிடவும் இல்லை.