வெளிநாட்டில் ஆங்கில ஆசிரியர் வேலை: முகவரை எடைபோடுவது எப்படி?

ஈப்போ – வியட்நாமில் ஆங்கில ஆசிரியர் வேலை, அனுபவம் தேவையில்லை, தங்குமிடம் இலவசம், பதிவுக் கட்டணம் மட்டும் கட்டினால் போதும். புலனக் குழுக்களில் இப்படிப்பட்ட அறிவிப்புகள் வரும்போது, அனுப்பியவர் பெரும்பாலும் தெரிந்தவராகவே இருப்பார். அவருக்கு அதை அனுப்பியவர் யார் என்று கேட்டால் பதில் இருக்காது.

தஞ்சோங் மாலிம் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம், கம்பார் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகம், உலு கிந்தாவிலுள்ள ஈப்போ ஆசிரியர் கல்விக் கழகம் என்று பேராவிலேயே பட்டம் பெற வழி இருக்கிறது. பட்டம் கிடைத்த பிறகு நிரந்தர வேலைக்குக் காத்திருக்கும் காலம்தான் நீளுகிறது. ஓரிரு ஆண்டுகள் வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பித்துவிட்டு வரலாம் என்ற எண்ணம் தவறானது அல்ல. முறையாகப் போய் அனுபவமும் சேமிப்புமாகத் திரும்பியவர்கள் இருக்கிறார்கள். ஆனால், முகவர் நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பதில் செய்யும் தவறு, அம்மாவின் நகையை அடகு வைத்த பணத்தோடு போய்விடலாம். சில வேளைகளில் உயிரையும் பறிக்கலாம்.

முகவர் நிறுவனங்களை எடைபோட முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: முகவருக்குப் பணம் கொடுப்பவர் யார்?

கங்காணி காலத்துக் கேள்வி

பேரா தமிழர்களுக்கு இக்கேள்வி புதிதன்று. ரப்பர்த் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த கங்காணியும் ஒரு முகவர்தான். தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஒருவரையே நிருவாகம் தமிழ்நாட்டிலுள்ள அவருடைய சொந்த ஊருக்கு அனுப்பி ஆள் சேர்த்து வரச் சொன்னது. சொந்தக்காரர், ஊர்க்காரர் என்ற நம்பிக்கையில் மக்கள் கப்பல் ஏறினார்கள். கொண்டுவந்த ஆள்களின் கணக்குப்படி கங்காணிக்குத் தரகு கிடைத்தது. அவர்கள் வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு நாளுக்கும் ‘தலைக்காசு’ கிடைத்தது. பயணச் செலவும் முன்பணமும் தொழிலாளியின் பெயரில் கடனாக ஏறின. கடன் தீராமல் தோட்டத்தை விட்டு நகர முடியவில்லை.

இந்த முறையில் பெரிய மாற்றம் 1907இல் வந்தது. அவ்வாண்டு மலாயாவில் தமிழர் குடிநுழைவு நிதி அமைக்கப்பட்டது. தோட்ட முதலாளிகளிடம் வரி வசூலித்து, அந்தப் பணத்திலிருந்து தொழிலாளர்களின் பயணச் செலவு ஏற்கப்பட்டது. ஆளை அழைப்பவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை அப்போதே ஏட்டில் வந்துவிட்டது. மலாயாவுக்கு உடலுழைப்புத் தொழிலாளர்களை அனுப்புவதை 1938இல் இந்திய அரசு தடை செய்ததும் கங்காணி முறை முடிவுக்கு வந்தது.

அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு 1997இல் நிறைவேற்றிய 181ஆம் ஒப்பந்தமும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. தனியார் வேலைவாய்ப்பு முகவர்கள் தொழிலாளர்களிடம் நேரடியாகவோ மறைமுகமாகவோ கட்டணம் வாங்கக்கூடாது என்பது அதன் பொதுவிதி. சில வகை வேலைகளுக்கு மட்டும் விதிவிலக்கு அளிக்க அது இடம் தருகிறது.

மூன்று வகை முகவர்கள்

ஆங்கில ஆசிரியர் வேலைக்கு ஆள் எடுக்கும் நிறுவனங்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, பள்ளியிடம் தரகு வாங்குபவர்கள். விண்ணப்பதாரரிடம் இவர்கள் பணம் கேட்பதில்லை. ஆசிரியர் வேலையில் சேர்ந்த பிறகு பள்ளி இவர்களுக்குப் பணம் கொடுக்கும். பாதியில் ஆசிரியர் விலகினால் தரகு குறையலாம் என்பதால், பொருத்தமான இடத்தில் சேர்ப்பதில் இவர்களுக்கும் அக்கறை இருக்கும். குறையும் உண்டு. அதிகத் தரகு தரும் பள்ளியைத்தான் முதலில் காட்டுவார்கள். அது நல்ல பள்ளியாகத்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது.

இரண்டாம் வகை, தாங்களே முதலாளியாக இருந்து ஆசிரியர்களைப் பள்ளிகளுக்கு அனுப்பும் நிறுவனங்கள். தாய்லாந்திலும் வியட்நாமிலும் இவை உண்டு. பள்ளி ஒரு தொகையை நிறுவனத்துக்குக் கொடுக்கும். நிறுவனம் தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியைச் சம்பளமாகத் தரும். வேலை அனுமதியும் நிறுவனத்தின் பெயரில் இருக்கும். பள்ளி பிடித்திருந்து நிறுவனம் பிடிக்கவில்லை என்றாலும் எளிதில் மாற முடியாது. புதிதாகப் போகிறவருக்கு ஆவண வேலைகளை முடித்துக் கொடுப்பதும் தங்குமிடம் பார்த்துக் கொடுப்பதும் இவர்களால் கிடைக்கும் நன்மை.

மூன்றாம் வகை, விண்ணப்பதாரரிடம் பணம் வாங்குபவர்கள். டெஃபல், டெசோல் போன்ற ஆங்கிலம் கற்பிக்கும் சான்றிதழ், வேலை, விசா மூன்றையும் சேர்த்து ஒரே தொகுப்பாக விற்பார்கள். இவர்கள் அனைவரும் மோசடிக்காரர்கள் அல்லர். ஆனால், பணம் முன்கூட்டியே கைக்கு வந்துவிடுவதால், ஆசிரியர் அங்கே நிலைத்தாலும் திரும்பி வந்தாலும் இவர்களுக்கு நட்டமில்லை. சான்றிதழுக்கு எவ்வளவு, விசாவுக்கு எவ்வளவு, சேவைக்கு எவ்வளவு என்று பிரித்துக் கேட்க வேண்டும். பிரித்துச் சொல்ல மறுப்பவரிடம் பணம் கட்டக்கூடாது.

முகவரே இல்லாமல் போவதும் ஒரு வழி. பள்ளிகளும் மொழி மையங்களும் தங்கள் அகப்பக்கத்தில் நேரடியாக ஆள் எடுக்கின்றன. முகவர் சொல்லும் பள்ளியின் அகப்பக்கத்தில் அதே வேலை இருக்கிறதா என்று பார்ப்பது முதல் சோதனை.

உரிமம் இருக்கிறதா?

மலேசியாவில் வேலைக்கு ஆள் சேர்க்கும் தொழிலை 1981ஆம் ஆண்டு தனியார் வேலைவாய்ப்பு முகவர் சட்டம் (சட்டம் 246) கட்டுப்படுத்துகிறது. உரிமம் இல்லாமல் இத்தொழிலை நடத்தினால் 200,000 ரிங்கிட் வரை அபராதமோ மூன்று ஆண்டுகள் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். 2017இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு உரிமம் ஏ, பி, சி என மூன்று வகையானது. ஏ உரிமம் உள்நாட்டு வேலைக்கு மட்டுமே. வெளிநாட்டு வேலைக்கு அனுப்ப பி அல்லது சி உரிமம் வேண்டும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். மலேசிய நிறுவனங்கள் ஆணையமான எஸ்.எஸ்.எம். வழங்கிய பதிவுச் சான்றிதழை முகவர் காட்டுவார். அது நிறுவனம் பதிவு பெற்றது என்பதற்கு மட்டுமே சான்று; ஆள் சேர்க்கும் உரிமம் ஆகாது. உரிம எண்ணைக் கேட்டு வாங்கி, மனிதவள அமைச்சின்கீழ் இயங்கும் தீபகற்ப மலேசியத் தொழிலாளர் துறையிடம் சரிபார்க்க வேண்டும். முகவர் எவ்வளவு கட்டணம் வாங்கலாம் என்பதற்கும் சட்டத்தின் அட்டவணையில் வரம்பு உண்டு. கட்டிய பணத்துக்கு ரசீது கேட்டு வாங்க வேண்டும்.

இணையத்தில் மட்டும் இயங்கும் வெளிநாட்டு நிறுவனமாக இருந்தால் மலேசியச் சட்டம் அதை எட்டிப் பிடிப்பது கடினம். அப்போது ஒரே பாதுகாப்பு, பள்ளியோடு நேரடியாகப் பேசுவதுதான். முகவர் கொடுக்கும் தொலைபேசி எண்ணில் அல்ல, பள்ளியின் அகப்பக்கத்தில் உள்ள எண்ணில் பேச வேண்டும்.

கதவு யாருக்குத் திறந்திருக்கிறது?

நல்ல முகவர் யார், பொய்யர் யார் என்று காட்டிக்கொடுப்பது ஒவ்வொரு நாட்டின் விசா விதிதான். மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்பவரை ஆங்கிலம் தாய்மொழியாகக் கொண்ட நாட்டவராகப் பல நாடுகள் ஏற்பதில்லை.

தென்கொரியா: ஆங்கில உரையாடல் ஆசிரியருக்கான ஈ-2 விசா அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாட்டவருக்கே முதன்மையாக உரியது. மலேசியருக்கு ஈ-2 வாங்கித் தருவதாக ஒரு முகவர் சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

சீனா: முறையான வேலைக்கு இசட் விசா வேண்டும். ஆங்கிலப் பாடத்துக்குப் பொதுவாக ஆங்கிலம் தாய்மொழியான நாட்டவரையே கேட்கிறார்கள். மற்றவர்களுக்குக் கல்வியியல் பட்டம் போன்ற கூடுதல் தகுதி தேவைப்படும். 2021 ஜூலையில் பள்ளி மாணவர்களுக்கான தனியார் டியூஷன் தொழிலைச் சீன அரசு கடுமையாகக் கட்டுப்படுத்திய பிறகு, அங்கு பல மையங்கள் மூடப்பட்டன. பழைய கதைகளை வைத்து வேலை எளிது என்று சொல்பவரிடம் கவனம் தேவை.

வியட்நாம்: பட்டமும் ஆங்கிலம் கற்பிக்கும் சான்றிதழும் கேட்பார்கள். பட்டச் சான்றிதழ் உறுதிப்படுத்தப்பட வேண்டும். நன்னடத்தைச் சான்றும் மருத்துவப் பரிசோதனையும் வேண்டும். தாய்மொழி நாட்டவருக்கும் மற்றவருக்கும் சம்பள வேறுபாடு இருப்பதுண்டு. எந்த விகிதத்தில் தருகிறார்கள் என்று வெளிப்படையாகக் கேட்கலாம்.

தாய்லாந்து: ‘நான்-பி’ விசா, வேலை அனுமதி, பள்ளியாக இருந்தால் ஆசிரியர் மன்றமான குருசபாவின் உரிமம் அல்லது தற்காலிக அனுமதி ஆகியவை வேண்டும். மற்ற நாட்டவரிடம் டோயிக் போன்ற ஆங்கிலத் தேர்வு மதிப்பெண் கேட்பது வழக்கம்.

தாய்லாந்துக்கும் வியட்நாமுக்கும் மலேசியர்கள் விசா இல்லாமல் சுற்றுலா போகலாம். அந்த வசதியே பொறியாகவும் ஆகிறது. சுற்றுப்பயணியாகப் போய் வகுப்பறையில் நின்றால், பிடிபடுவது முகவர் அல்ல, ஆசிரியர்தான்.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை

சம்பளத் தொகையை மட்டும் பார்த்துக் கையெழுத்திடுவது பெரிய தவறு. ஒரு கணக்கைப் பார்க்கலாம். ஒரு பள்ளி மாதம் 4,500 ரிங்கிட் தருகிறது, ஆனால் பள்ளி நடக்கும் பத்து மாதங்களுக்கு மட்டுமே. ஆண்டுக்கு 45,000 ரிங்கிட். இன்னொரு பள்ளி 3,900 ரிங்கிட் தருகிறது, விடுமுறையையும் சேர்த்துப் பன்னிரண்டு மாதங்களுக்கும். ஆண்டுக்கு 46,800 ரிங்கிட். குறைவாகத் தெரிந்த சம்பளம்தான் கூடுதல்.

அதோடு இவற்றையும் பார்க்க வேண்டும்: ஒப்பந்தத்தில் முதலாளி என்று யாருடைய பெயர் இருக்கிறது, வாரத்தில் எத்தனை மணி நேரம் வகுப்பு, அது போக எத்தனை மணி நேரம் பள்ளியில் இருக்க வேண்டும், வேலை அனுமதிக்கான செலவு யாருடையது, விமானச் சீட்டுக்குப் பணம் திரும்பக் கிடைக்குமா, எப்போது, பாதியில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும். விலகல் தண்டத்தொகை இரண்டு மூன்று மாதச் சம்பளமாக இருந்தால், அது கங்காணி காலத்துக் கடனின் புதுப்பெயர். ஒப்பந்தம் இரு மொழிகளில் இருந்தால், தகராறு வரும்போது எந்த மொழிப் பிரதி செல்லும் என்பதையும் கேட்க வேண்டும்.

இந்த நிறுவனம் அனுப்பிய ஆசிரியர்கள் இரண்டு பேரோடு பேச வேண்டும் என்று கேட்பது நியாயமான கோரிக்கை. அவர்களில் ஒருவராவது வேலையை முடித்துத் திரும்பியவராக இருப்பது நல்லது. அங்கேயே இருப்பவர் மனம் திறந்து பேசத் தயங்கலாம்.

இங்கே நின்றுவிட வேண்டும்

நேர்காணலே இல்லாமல் வேலை உறுதி. பட்டம் இல்லாதவருக்கும் பெரிய சம்பளம். தனிநபர் வங்கிக் கணக்கில் பணம் கேட்பது. பள்ளியின் பெயரைக் கடைசிவரை சொல்லாதது. விமானம் இறங்கும் ஊர் ஒன்று, வேலை செய்யும் ஊர் வேறு. நடுவில் யாரோ வந்து வேனில் ஏற்றிச் செல்வார் என்பது. கடப்பிதழை நிறுவனமே வைத்திருக்கும் என்பது. இவற்றில் ஒன்று இருந்தாலும் நின்றுவிட வேண்டும்.

கம்போடியாவின் சிஹானூக்வில், மியன்மாரின் மியாவடி பகுதிகளில் இயங்கிய இணைய மோசடி முகாம்களுக்கு மலேசியர்கள் பலர் வேலை ஆசை காட்டியே கொண்டு செல்லப்பட்டார்கள். பாங்காக்கில் இறங்கி, தரைவழியாக எல்லைக்குக் கொண்டுபோகப்பட்டவர்கள் அவர்களில் உண்டு. 2022இல் தாய்லாந்து சென்று, ஆள்கடத்தல் கும்பலிடம் சிக்கியதாகச் சொல்லப்படும் ஈப்போ இளைஞர் ஒருவர் அங்கேயே இறந்த செய்தி இந்த நகரத்தால் மறக்க முடியாதது.

பணம் கட்டும் முன் முகவரின் வங்கிக் கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் போலீசின் ‘செமாக் மியூல்’ தளத்தில் சரிபார்க்கலாம். பணம் கட்டி ஏமாந்தது தெரிந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல், 997 என்ற தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் எண்ணை உடனே அழைத்து, போலீசிலும் புகார் செய்ய வேண்டும். நேரம் கடக்கக் கடக்கப் பணத்தை முடக்கும் வாய்ப்பு குறையும். வெளிநாட்டில் சிக்கிக்கொண்டவர் மலேசியத் தூதரகத்தைத் தொடர்புகொள்ள வேண்டும். வீட்டார் இங்கே புகார் செய்து விஸ்மா புத்ராவுக்கும் தெரிவிக்க வேண்டும். ஆள்கடத்தலைத் தண்டிக்க 2007ஆம் ஆண்டுச் சட்டம் (சட்டம் 670) இருக்கிறது.

புறப்படுவதற்கு முன்

நன்னடத்தைச் சான்றிதழுக்கு விஸ்மா புத்ராவிடம் இணையம் வழியே விண்ணப்பிக்க வேண்டும். இதற்கும் சான்றிதழ்களை உறுதிப்படுத்தவும் வாரக்கணக்கில் ஆகலாம் என்பதால், அடுத்த வாரமே கிளம்ப வேண்டும் என்று அவசரப்படுத்தும் முகவரின் பேச்சு பெரும்பாலும் முறையான விசாவோடு ஒத்துவராது.

கடப்பிதழ், விசா, ஒப்பந்தம் ஆகியவற்றின் நகல்கள், பள்ளியின் முழு முகவரி, முகவரின் உரிம எண், அந்த நாட்டிலுள்ள மலேசியத் தூதரகத்தின் எண் ஆகியவற்றை ஓர் உறையில் போட்டு வீட்டில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். திரும்பி வருவதற்கான விமானச் சீட்டுக்குப் போதுமான பணத்தைத் தன் பெயரில் உள்ள கணக்கில் தொடாமல் வைத்திருக்க வேண்டும். பிடிக்காத வேலையிலிருந்து யாரையும் கேட்காமல் வீட்டுக்குத் திரும்ப அந்தப் பணம் போதும். தோட்டத்துக்கு வந்த தாத்தா பாட்டிக்கு அந்த வசதி இருந்ததில்லை.