குடியேற்ற விளையாட்டுகளில் பகலின் நீளம்: களஞ்சியத்திலிருந்து அட்சரேகை வரை

குடியேற்றங்களைக் கட்டி வளர்க்கும் கணினி விளையாட்டுகளில் பருவகாலம் தொடக்கத்திலேயே இடம்பெற்றுவிட்டது. பருவத்துக்கேற்ப நீண்டு குறுகும் பகலோ அரை நூற்றாண்டு கழித்தே வந்தது. இயற்கையில் இரண்டும் ஒரே காரணத்தால் விளைபவை: ஏறத்தாழ 23.4 பாகை சாய்ந்த அச்சோடு பூமி சூரியனைச் சுற்றுவதால்தான் குளிரும் வெயிலும் மாறி வருகின்றன, பகலும் நீண்டு குறுகுகிறது. விளையாட்டுகள் மட்டும் இவற்றைப் பிரித்தே வைத்திருந்தன. நிரலாக்கச் சிரமம் இதற்குச் சிறு காரணமே. பெரிய காரணம், காலத்தைச் சுருக்க அவை கையாண்ட முறை.

1964இல் நியூயார்க் மாநிலப் பள்ளி ஆசிரியை மேபல் ஆடிஸ், ஐபிஎம் நிரலாளர் வில்லியம் மெக்கேயுடன் சேர்ந்து 'தி சுமேரியன் கேம்' என்ற பாட விளையாட்டை உருவாக்கினார். லகாஷ் நகரத்து அரசனாக அமரும் மாணவர், உணவுக்கு எவ்வளவு, விதைக்கு எவ்வளவு, சேமிப்புக்கு எவ்வளவு என்று தானியத்தைப் பங்கிட வேண்டும். இங்கே பருவம் என்பது இரண்டு கணக்குகளுக்கு இடைப்பட்ட காலம்; அதற்குள் நாள் என்ற அலகே இல்லை. 1989இல் வில் ரைட்டின் 'சிம்சிட்டி' வந்தபோதும் மாதங்களும் ஆண்டுகளும் ஓடினவே தவிர, பொழுது விடியவில்லை. 2003இன் 'சிம்சிட்டி 4' இரவை அழகாகவே காட்டியது. ஆனால் அந்த இருட்டு நகரத்தின் வரவு செலவைத் தொடவில்லை.

ஒளியைப் படமாக்கும் கலை இதற்குள் வேறொரு பாதையில் வெகுதூரம் போயிருந்தது. பிரீதம், ஷெர்லி, ஸ்மிட்ஸ் ஆகிய மூவரும் 1999இல் வெளியிட்ட பகலொளி மாதிரி, சூரியனின் உயரத்தையும் காற்றின் கலங்கலையும் கொண்டு வானத்தின் நிறத்தைக் கணக்கிட வழிசெய்தது. ஆனால் சூரியன் அடிவானத்துக்கு மேல் எத்தனை மணி நேரம் இருக்கும் என்பதற்கு இத்தனை பாடுகூட வேண்டியதில்லை. அட்சரேகையும் அன்றைய சூரியச் சாய்வும் தெரிந்தால் பள்ளி முக்கோணவியலே போதும். இவ்வளவு எளிய கணக்கை ஏன் எவரும் சேர்க்கவில்லை?

'ட்வார்ஃப் ஃபோர்ட்ரெஸ்' இதற்கு நல்ல விடை தருகிறது. டார்ன் ஆடம்ஸ், சாக் ஆடம்ஸ் சகோதரர்கள் 2006இல் வெளியிட்ட இந்த விளையாட்டில் ஆண்டுக்கு 12 மாதம், மாதத்துக்கு 28 நாள், ஆக 336 நாள். கோட்டை கட்டும் முறையில் ஒரு நாள் 1,200 கணிப்படிகளில், அதாவது விளையாட்டுக் கணக்கின் மிகச் சிறிய காலப் படிகளில், முடிந்துவிடும். நொடிக்கு 100 படி என்ற வேகத்தில் அது 12 நொடி. கோட்டையில் வாழும் குள்ளன் ஒருவன் கிடங்குக்குப் போய்க் குடித்துவிட்டுத் திரும்புவதற்குள் நாளே கழிந்துவிடக்கூடும். இந்த வேகத்தில் இரவைக் காட்டினால் திரை சிமிட்டிக்கொண்டே இருக்கும். அதனால் அங்கே நான்கு பருவமும் உண்டு, இரவு பகல் இல்லை. லூக் ஹோடோரோவிச் தனியொருவராக உருவாக்கி 2014இல் வெளியிட்ட 'பேனிஷ்ட்' விளையாட்டும் இதே வழியில் சென்றது. விறகு தீர்ந்தால் பனிக்காலத்தில் மக்கள் சாவார்கள். ஆனால் அந்தப் பனிக்காலத்துக்கு நீண்ட இரவு கிடையாது.

கனடாவைச் சேர்ந்த டைனன் சில்வெஸ்டரின் 'ரிம்வேர்ல்ட்' சுருக்கத்தைத் தலைகீழாகச் செய்தது. நாளைக் காப்பாற்றி ஆண்டை வெட்டியது. ஒரு நாள் 24 மணி நேரம், 60,000 கணிப்படி. சாதாரண வேகத்தில் 16 நிமிடம் 40 நொடி. உண்பதும் உறங்குவதும் பயிர் பார்ப்பதும் அதற்குள் அடங்கும். இந்த வேகத்தில் 365 நாள் ஆண்டு வைத்தால் ஒரு முறை அறுவடைக்காலம் வந்து திரும்புவதற்கு நூறு மணி நேரம் ஆகும். ஆகவே ஆண்டுக்கு 60 நாள், பதினைந்து பதினைந்தாக நான்கு கூறு. 2016 டிசம்பரில் வந்த 16ஆம் ஆல்ஃபா பதிப்பு உலக வரைபடத்தைக் கோளமாக்கியதுதான் இந்த வரலாற்றின் திருப்பம் என்று கருதுகிறேன். கோளம் வந்ததும் ஓரிடத்தின் நிலப்பரப்பு வானில் எந்தத் திசையை நோக்குகிறது, சூரியன் எந்தத் திசையில் நிற்கிறது என்ற இரண்டையும் ஒப்பிட்டு அங்குள்ள ஒளியைக் கணிக்க முடிந்தது. துருவத்துக்கு அருகே விடியாத நாட்களும் அடையாத நாட்களும் வந்தன. தென்கோளத்தில் பருவங்கள் இடம் மாறின.

இங்கே ஒளி வெறும் காட்சியாக நிற்கவில்லை. உச்சி வெயிலில் 1,700 வாட் தரும் சூரிய மின்தகடு, ஒளி தாழத் தாழக் குறைவாகத் தந்து, இருட்டில் ஓய்ந்துவிடும். குடியேறிகள் எங்கே இறங்குவது என்ற முதல் முடிவே மின்கலங்கள் எத்தனை வேண்டும் என்பதையும் ஓரளவு தீர்மானித்துவிடுகிறது.

ஆண்டைச் சுருக்கியதன் விளைவும் கவனிக்கத்தக்கது. சம இரவு நாட்களை ஒட்டி லண்டனில் பகல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 நிமிடம் வளரும் அல்லது தேயும். 365 நாளை 60 ஆக்கினால் அது 24 நிமிடம். மூன்றே நாளில் ஒரு மணி நேரத்துக்கும் மேல். நார்வேயின் திரோம்சோ நகரில் நவம்பர் இறுதி முதல் ஜனவரி நடு வரை ஏறத்தாழ ஏழு வாரம் சூரியன் எழுவதில்லை. இதே விகிதத்தில் அது எட்டு நாளாகிவிடும். ஏழு வார இருட்டுக்கு ஏற்பாடு செய்யும் சமூகமும் எட்டு நாள் இருட்டுக்கு மின்கலம் அடுக்கும் சமூகமும் ஒன்றல்ல. ஆகவே இதை மெய்யான பருவ ஒளி என்று சொல்லும்போது, வடிவம் மெய், கால அளவு மெய்யல்ல என்ற வரையறை தேவை.

பயிர்தான் இன்னும் ஒதுங்கி நிற்கிறது. 'ரிம்வேர்ல்ட்' செடிகள் குறிப்பிட்ட அளவு ஒளி கிடைத்தால் வளரும், ஆனால் காலை ஆறு மணி முதல் மாலை ஏறத்தாழ ஏழு மணி வரை மட்டுமே. நள்ளிரவிலும் சூரியன் காயும் துருவக் கோடையிலும் அவை கடிகாரம் பார்த்தே உறங்கும். உண்மையில் பகலின் நீளத்தை எண்ணுவதே பல செடிகளின் இயல்பு. அமெரிக்க வேளாண் துறையின் கார்னர், அல்லார்ட் இருவரும் 1920இல் வெளியிட்ட ஆய்வு இதை நிறுவியது. கோடையில் பூக்காமல் நெடிதுயர்ந்த 'மேரிலாந்து மேமத்' புகையிலை, பகல் குறுகியதும் பூத்தது. குடியேற்ற வரலாற்றிலும் இதற்குச் சான்று உண்டு. ஆண்டிஸ் மலையின் குறும்பகலுக்குப் பழகிய உருளைக்கிழங்கு 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பா சேர்ந்தபோது, அங்குள்ள நெடும்பகல் முடிந்து இலையுதிர்காலம் வந்த பிறகே கிழங்கு கட்டியது. நெடும்பகலைத் தாங்கும் வகைகள் பின்னரே பரவின. 'ரிம்வேர்ல்ட்' குடியேறிகளும் உருளைக்கிழங்கு நடுகிறார்கள். ஆனால் வளரப் போதிய வெப்பமும் ஒளியும் மண்ணும் இருந்தால், அந்தச் செடிக்கு நடுக்கோடும் துருவமும் ஒன்றுதான்.