அவசரக்கார ஸ்விட்ச்

ஸ்விட்சை அணைத்தால் மின்சாரம் நின்றுவிடும், இதில் என்ன பெரிய சரித்திரம் என்கிறீர்களா? வீட்டு விளக்குக்கு அது சரி. பல்லாயிரம் வோல்ட் லைனில் இரண்டு உலோக முனைகளைப் பிரித்தால் மின்சாரம் லேசில் அடங்காது. இடைவெளியில் நெருப்புப் பாலம் போட்டுக்கொண்டு ஓடிக்கொண்டே இருக்கும். இதற்கு ‘ஆர்க்’ என்று பெயர். அதை அணைக்க அந்தக் காலத்தில் முனைகளை எண்ணெய்த் தொட்டிக்குள் வைத்தார்கள். எண்ணெய் தீப்பிடித்தால் போச்சு, சப்-ஸ்டேஷனே காலி!

அமெரிக்காவின் கால்டெக் பேராசிரியர் ராயல் சோரென்சன் வேறு மாதிரி யோசித்தார். காற்றே இல்லாவிட்டால் எதை வைத்துப் பாலம் போடும்? வெற்றிடக் குடுவைக்குள் முனைகளைப் பிரித்துப் பார்த்தார். 40,000 வோல்ட்டுக்கு மேல், 900 ஆம்பியருக்கு மேல்... கச்சிதமாக அறுந்தது! மெண்டன்ஹால் என்பவருடன் சேர்ந்து 1926-ல் இதை அறிவித்தார்.

ஆனாலும் சரக்கு சந்தைக்கு வரவில்லை. உலோகத்துக்குள் ஒளிந்திருந்த வாயு, சூட்டில் வெளியே வந்து வெற்றிடத்தைக் கெடுத்தது. 1950-களில் டிரான்சிஸ்டர் தொழிலுக்காகப் பிறந்த சுத்திகரிப்பு வித்தைகள்தான் இதற்கு வழி காட்டின.

இன்னொரு தலைவலியும் இருந்தது. அமெரிக்காவின் ஏ.சி. மின்சாரம் விநாடிக்கு 120 தடவை பூஜ்யத்தைத் தொடும். நல்ல ஸ்விட்ச் அதுவரை காத்திருந்து அறுக்கும். வேக்குவம் ஸ்விட்சுக்கோ அந்தப் பொறுமை கிடையாது. அதற்குள் ஆர்க் உயிர் வாழ்வதே முனையிலிருந்து கிளம்பும் உலோக ஆவியில்தான். மின்சாரம் சில ஆம்பியராகக் குறைந்ததும் ஆவி போதாமல், பூஜ்யம் வருமுன்பே பட்டென்று அணைந்துவிடும்.

சீக்கிரம் அணைந்தால் நல்லதுதானே? அதுதான் இல்லை! வேகமாக ஓடும் தண்ணீரைச் சட்டென்று அடைத்தால் குழாய் ‘டொம்’ என்று அதிரும் பாருங்கள், அந்தக் கதைதான். மோட்டார் காயிலுக்குள் தேங்கிய சக்தி, போக வழியில்லாமல் வோல்டேஜாக எகிறும். ஓர் ஆம்பியருக்கு 5,000 வோல்ட் என்று வைத்துக்கொண்டால், 10 ஆம்பியர் அறுந்ததும் 50,000 வோல்ட்! 11,000 வோல்ட் மோட்டாரின் இன்சுலேஷன் இதைத் தாங்குமா?

1960-களின் தொடக்கத்தில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியில் தாமஸ் லீயின் குழு ஒரு வழி கண்டது. தாமிர முனையில் கொஞ்சம் பிஸ்மத் சேர்த்தார்கள். 271 டிகிரியிலேயே உருகிவிடும் உலோகம் அது. தாராளமாக ஆவி கொடுத்ததால், ஆர்க் கிட்டத்தட்ட கடைசி வரை தாக்குப்பிடித்தது. போதாக்குறைக்கு, உயர் மின்னோட்டத்தில் முனைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதும் குறைந்தது. பிஸ்மத்துக்குப் பிறகு வந்த தாமிரம்-குரோமியம் கலவைதான் இன்றும் ராஜா. எகிறும் மிச்ச வோல்டேஜை விழுங்க, பக்கத்திலேயே சர்ஜ் அரெஸ்டர் காவல் நிற்கும்.

நம்மூர் 11,000 வோல்ட் லைன்களைக் காக்கும் பிரேக்கர்களில் பல இப்போது வேக்குவம் ரகம்தான். வெற்றிடத்தைச் சுத்தமாக்க முப்பது வருஷம் பாடுபட்டவர்கள், கடைசியில் அதற்குள் கொஞ்சம் ஆவியை அனுமதித்துத்தான் ஜெயித்தார்கள்!