அட்வான்ஸ் யார் பணம்?

சித்தன்னவாசல் போயிருக்கிறீர்களா? புதுக்கோட்டைப் பக்கம், அன்னவாசலை ஒட்டிய குன்று. போகிறவர்கள் பெரும்பாலும் குகைக்கோயிலில் தாமரைக்குள ஓவியத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். கொஞ்சம் மூச்சு வாங்கினாலும் பரவாயில்லை என்று மறுபக்கம் ஏறிப் போனால் ஏழடிப்பட்டம் வரும். சமண முனிவர்கள் தங்கிய இடம். வழவழவென்று தேய்த்த 17 கல் படுக்கைகள். அதில் ஒன்றின் ஓரத்தில், சுமார் 2,000 வருஷத்துக்கு முந்தைய தமிழ் பிராமி எழுத்து. எருமை நாட்டுக் குமுழூரில் பிறந்த ஒருவருக்காக இளையர் செய்து கொடுத்த இருப்பிடம் இது என்பது அதன் சாரம். எருமை நாடு என்றால் மைசூர்ப் பக்கம் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

ஆக, வந்தவர் வெளியூர்க்காரர். தங்க இடம் கொடுத்தது யார், வாங்கிக்கொண்டது யார், அவருக்குச் சொந்த ஊர் எது... மூன்றையும் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். இல்லாத ஒரே விஷயம், அட்வான்ஸ்!

இன்றைக்கு அதே அன்னவாசலிலிருந்து ஒரு பையன் வேலை கிடைத்து சென்னைக்குப் போகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாச வாடகை 10,000. அட்வான்ஸ் பத்து மாசம், அதாவது ஒரு லட்சம். ஊரில் அம்மாவின் நகை அடகுக்குப் போகும். அஞ்சு வருஷம் கழித்துக் காலி செய்யும்போது, 'பெயின்ட் அடிக்கணும் தம்பி, அதுபோக மீதியைத் தர்றேன். புது ஆள் வரட்டும், வாங்கிக் கொடுத்துடறேன்' என்பார் வீட்டு ஓனர்.

அந்தக் கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். பி.காம். முதல் வருஷப் பாடம் ஒன்று உண்டு. திருப்பித் தர வேண்டிய முன்பணம் வருமானம் அல்ல, அது கடன். கணக்குப் புத்தகத்தில் பொறுப்புகள் பக்கத்தில்தான் உட்கார வேண்டும். ஆனால், நம் ஊரில் அட்வான்ஸ் வாங்கிய அன்றே அது மாடி ரூமாகவோ, மகள் கல்யாணமாகவோ மாறிவிடுகிறது. அப்புறம் அடுத்து வருகிறவரின் அட்வான்ஸை வாங்கித்தான் போகிறவருக்குக் கொடுக்க வேண்டும். வட்டி என்ற பேச்சே கிடையாது. 7 சதவிகிதம் என்று தனி வட்டி போட்டால்கூட, அந்த ஒரு லட்சத்துக்கு அஞ்சு வருஷத்தில் 35,000 ரூபாய். மூன்றரை மாச வாடகையை அந்தப் பையன் ஓசையில்லாமல் கூடுதலாகக் கொடுத்திருக்கிறான்.

சரி, இதற்குச் சட்டமே இல்லையா? இருந்தது. அதுவும் கறாரான சட்டம்!

இரண்டாம் உலகப் போர் நேரம். பட்டணத்தில் வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு. 1941-ல் இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் மெட்ராஸ் அரசு வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டு உத்தரவு போட்டது. (அன்னவாசலுக்கு அது பொருந்தாது. அப்போது அது புதுக்கோட்டை மகாராஜாவின் சமஸ்தானம். 1948 மார்ச் 3-ம் தேதிதான் இந்தியாவோடு இணைந்தது.) போருக்காக வந்த கட்டுப்பாடு போர் முடிந்தும் போகவில்லை. 1946-ல் சட்டமானது, 1949-ல் புதுச் சட்டம், கடைசியாக 1960-ல் இன்னொன்று. தமிழ்நாடு கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டம். சென்னைக்கும் நகராட்சிகளுக்கும் பொருந்தும். மற்ற ஊர்களுக்கு அரசு அறிவித்தால் உண்டு.

அதன் 7-வது பிரிவு என்ன சொன்னது தெரியுமா? அட்வான்ஸாக ஒரு மாச வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. மேலே வாங்கியிருந்தால் திருப்பித் தர வேண்டும். அல்லது குடியிருப்பவர் விருப்பப்பட்டால் கழித்துக்கொள்ள வேண்டும். இதற்கு மாறாக எழுதிக்கொண்ட நிபந்தனை செல்லவே செல்லாது!

ஒரு மாசம். பத்து மாச அட்வான்ஸ் கொடுத்து சென்னையில் குடியேறிய தலைமுறைகள் வாழ்ந்தது இந்தச் சட்டத்தின் கீழேதான். கேட்டால் வீடு கிடைக்காது என்பதால் யாரும் கேட்கவில்லை. ஓனர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. வாடகையை ஏற்ற முடியாது, ஆளைக் கிளப்ப முடியாது என்று சட்டம் கையைக் கட்டிப் போட்டிருந்தது. அட்வான்ஸ்தான் அவர்களுக்கு ஒரே பிடி.

ஆனால், கோர்ட் வரை போனவர்களுக்கு இந்தப் பிரிவு கவசமாக இருந்திருக்கிறது. ஆந்திராவிலும் இதே மாதிரி சட்டம்தான். கூடூரில் ஒரு ஓட்டலைக் காலி செய்யச் சொல்லி வழக்கு. காரணம், வாடகை பாக்கி. உச்ச நீதிமன்றம் 1989-ல் கணக்கைப் பார்த்தது. சட்டத்துக்கு மீறி வாங்கிய அட்வான்ஸ் கட்டட உரிமையாளர் கையில் இருக்கிறது. அது குடியிருப்பவரின் பணம். அப்புறம் எப்படி அவர் வேண்டுமென்றே பாக்கி வைத்தவர் ஆவார் என்று கேட்டு, காலி செய்ய வேண்டியதில்லை என்றது. 1996-ல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலும் அதே முடிவு. 'கடைசி ரெண்டு மாச வாடகையை அட்வான்ஸ்ல கழிச்சுக்குங்க சார்' என்று தலையைச் சொறிந்துகொண்டு கேட்டார்களே, அது கெஞ்சல் இல்லை சார். சட்டம் கொடுத்த உரிமை!

அந்தச் சட்டம் இப்போது இல்லை. 2017-ல் நிறைவேறிய புதுச் சட்டம் 2019 பிப்ரவரி 22-ல் அமலுக்கு வந்தது. இதில் 11-வது பிரிவு, மூன்று மாச வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. ஆனால், 'வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால்' என்று முன்னால் ஒரு வால்! பழைய சட்டம் மாற்று ஒப்பந்தத்தைச் செல்லாது என்றது. புதியது அதற்குக் கதவைத் திறந்துவிட்டது. 2021-ல் மத்திய அரசு ஒரு மாதிரிச் சட்டம் தயாரித்தது. அதில் வீடுகளுக்கு இரண்டு மாசம்தான், அதையும் சாவி வாங்குகிற அன்றே திருப்பித் தர வேண்டும். ஆனால், அதை ஏற்பது மாநிலங்களின் இஷ்டம்.

எவ்வளவு வாங்கலாம் என்றே 60 வருஷமாகப் பேசுகிறோம். பணம் யார் கையில் இருக்க வேண்டும் என்ற கேள்வி எழவே இல்லை. இங்கிலாந்தில் 2007 ஏப்ரலில் அதைத்தான் மாற்றினார்கள். அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் முன்பணத்தைச் சேர்க்க வேண்டும். சேர்க்காத ஓனருக்கு, முன்பணத்தைப்போல மூன்று மடங்கு வரை அபராதம். தென் கொரியாவில் நம் போகியம் மாதிரி ஒரு முறை உண்டு. மொத்தமாகப் பெரிய தொகை கொடுத்துவிட்டு வாடகையே இல்லாமல் இருப்பது. பணம் ஓனர் கையிலேயே இருந்ததால் ஆயிரக்கணக்கானவர்கள் மோசம் போய், 2023-ல் அவர்களுக்காகத் தனிச் சட்டம் போட வேண்டியதாயிற்று.

நமக்கு வருவோம். புதுச் சட்டத்திலும் உங்களுக்குச் சாதகமான இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பாக்கியைக் கழித்துக்கொண்டு முன்பணத்தைத் தந்துவிட வேண்டும். புது ஆள் வந்தாரா இல்லையா என்பது கணக்கிலேயே இல்லை. அடுத்தது, அந்தப் பெயின்ட் விவகாரம். சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, யார் எந்தச் செலவு செய்ய வேண்டும் என்று பிரித்திருக்கிறது. குழாய் வாஷர், சுவிட்ச், தாழ்ப்பாள் எல்லாம் குடியிருப்பவர் பாடு. சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட் அடிப்பது ஓனர் பாடு! ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் கதை மாறும். அதனால் கையெழுத்துக்கு முன்னால் 'பெயின்ட்' என்ற வார்த்தை எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று தேடுங்கள்.

ஒப்பந்தத்தை 90 நாளுக்குள் வாடகை ஆணையத்தில் பதிவு செய்தாக வேண்டும். மாவட்டத்தில் துணை ஆட்சியர் அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி அதற்கு இருப்பார். அட்வான்ஸை செக்காகவோ, வங்கி வழியாகவோ கொடுங்கள். சாவியைக் கொடுக்கும் அன்று தேதி போட்டு ஒரு சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டை போட்டோவும் எடுத்து வையுங்கள். ஒரு மாசம் ஆகியும் பணம் வரவில்லையா? தொகையையும் தேதியையும் எழுதி, ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு கடிதம். அதற்கும் பதில் இல்லையென்றால் வக்கீலைப் பாருங்கள். பணம் கேட்கும் வழக்குக்குப் பொதுவாக மூன்று வருஷம்தான் கெடு. 'அடுத்த மாசம் பார்க்கலாம் தம்பி' என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அதுவும் ஓடிக்கொண்டிருக்கும்.