கட்சித் தலைமை மாற்றமும் தேர்தல் வாய்ப்பும்

தேர்தலுக்கு முன் ஓர் அரசியல் கட்சி தன் தலைவரையோ, தன் சார்பில் ஆட்சி நடத்தும் பிரதமரையோ முதலமைச்சரையோ விலக்கி வேறொருவரை அந்த இடத்தில் அமர்த்துவது தலைமை மாற்றம் எனப்படும். நாடாளுமன்ற முறையில் ஆட்சித் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. தன் கட்சி உறுப்பினர்களின் ஆதரவை இழந்தவர் பதவியில் நீடிக்க முடியாது. ஆகவே, தோல்வி நெருங்குகிறது என்று அஞ்சும் கட்சிகளுக்கு இது எப்போதும் கைக்கெட்டும் வழியாக இருந்துவருகிறது. பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இந்தியா ஆகிய நாடுகளின் வரலாற்றில் இவ்வழி சில கட்சிகளை மீட்டிருக்கிறது; சிலவற்றை இன்னும் ஆழமான வீழ்ச்சிக்குக் கொண்டுபோயிருக்கிறது. வாக்காளரின் வெறுப்பு ஒரு தலைவர் மீதோ, அவரோடு சேர்த்துக் கைவிடக்கூடிய ஒரு கொள்கை மீதோ இருக்கும்போது மாற்றம் பலன் தருகிறது. வெறுப்பு கட்சியின் ஆட்சி மீதே திரும்பிவிட்டால் முகம் மாறுவதால் முடிவு மாறுவதில்லை.

மாற்றும் முறைகள்

தலைவரை விலக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும். பிரிட்டனின் கன்சர்வேடிவ் கட்சியில் 1965 வரை முறையான தேர்தலே கிடையாது. மூத்தோர் கலந்து பேசித் தலைவரை முடிவு செய்தனர். அதன்பின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் வாக்களித்தனர். 1998இல் வந்த விதிப்படி, உறுப்பினர்கள் இருவரைத் தேர்ந்து நிறுத்த, கட்சியின் தொண்டர்கள் அவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கின்றனர். கனடாவில் கட்சி உறுப்பினர்கள் அனைவரும் வாக்களிப்பதால் மாற்றத்துக்கு மாதக்கணக்கில் ஆகும். ஆஸ்திரேலியாவில் நாடாளுமன்றக் கட்சிக் கூட்டம் ஒரே நாளில் பிரதமரை மாற்றிவிட முடிந்தது. இந்திய மாநிலங்களில் முதலமைச்சரை மாற்றும் முடிவைப் பெரும்பாலும் தேசியக் கட்சிகளின் மேலிடம் எடுக்கிறது. சட்டமன்றக் கட்சிக் கூட்டம் அதை முறைப்படி ஏற்கிறது.

எதிர்பார்க்கப்படும் பயன்

தலைமை மாற்றத்தால் பயன் வரும் என்ற எதிர்பார்ப்புக்கு மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது, தொலைக்காட்சி வந்தபின் தேர்தல் பிரசாரம் தலைவர்களைச் சுற்றியே அமைகிறது. கட்சியின் கொள்கை அறிக்கையைப் படிக்காத வாக்காளரும் தலைவரை எடைபோடுகிறார். இரண்டாவது, பழைய தலைவர் மானப் பிரச்சினையாகப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு திட்டத்தைப் புதியவர் தயக்கமின்றிக் கைவிட முடியும். மூன்றாவது, நீண்ட காலம் ஆண்ட கட்சியும் புது ஆட்சி போன்ற தோற்றத்தைப் பெறுகிறது; ஆட்சி மாற்றத்தை விரும்பும் வாக்காளர், அந்த மாற்றம் கட்சிக்குள்ளேயே நடந்துவிட்டதாகக் கருதக்கூடும்.

அளவிடுவதில் உள்ள சிக்கல்

மாற்றத்தின் பயனைக் கணக்கிடுவது கடினம். செல்வாக்கோடு இருக்கும் தலைவரைக் கட்சிகள் மாற்றுவதில்லை. சரிவில் இருக்கும்போதுதான் மாற்றுகின்றன. அதனால், தலைவரை மாற்றிய கட்சிகளையும் மாற்றாத கட்சிகளையும் அப்படியே ஒப்பிட்டால் மாற்றமே தோல்விக்குக் காரணம் என்ற தவறான முடிவு கிடைக்கும். மறுபுறம், ஆட்சிக் காலத்தின் நடுவில் ஆளுங்கட்சிகள் செல்வாக்கை இழப்பதும் தேர்தல் நெருங்கும்போது ஓரளவு மீள்வதும் வழக்கம். அந்த மீட்சியைப் புதிய தலைவரின் கணக்கில் எழுதிவிடுவது எளிது.

பழைய தலைவரே நீடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் சோதித்துப் பார்க்க முடியாது. 1983 பிப்ரவரி 3 அன்று ஆஸ்திரேலியத் தொழிற்கட்சித் தலைவர் பில் ஹேடன் விலகி, பாப் ஹாக்குக்கு வழிவிட்டார். பிரதமர் மால்கம் ஃபிரேசர் அதே நாளில் தேர்தலை அறிவித்தார். மார்ச் 5 அன்று தொழிற்கட்சி 125 இடங்களில் 75ஐ வென்றது. நாடு இருந்த நிலையில் மாடு மேய்ப்பவனின் நாய் தலைமை தாங்கியிருந்தாலும் தொழிற்கட்சி வென்றிருக்கும் என்று ஹேடன் கருத்துரைத்தார். அவர் சொன்னது சரியா என்பதை யாராலும் நிறுவ முடியாது.

ஆளுங்கட்சியை மீட்ட மாற்றங்கள்

பிரிட்டனில் 1990ஆம் ஆண்டு நிகழ்ந்த மாற்றம் அதிகமாக எடுத்துக்காட்டப்படுவது. பதினோரு ஆண்டுகளுக்கு மேல் பிரதமராக இருந்த மார்கரெட் தாட்சர், ஆளுக்கு இவ்வளவு என விதிக்கப்பட்ட உள்ளாட்சித் தலைவரியால் பெரும் எதிர்ப்பைச் சந்தித்தார். அந்த நவம்பரில் மைக்கேல் ஹெசல்டைன் அவரை எதிர்த்துப் போட்டியிட்டார். முதல் சுற்றில் தாட்சர் 204–152 என முந்தினாலும், விதிப்படி தேவைப்பட்ட இடைவெளிக்கு நான்கு வாக்குகள் குறைந்தன. அவர் விலக, ஜான் மேஜர் பிரதமரானார். மேஜர் அரசு தலைவரியை நீக்குவதாக அறிவித்தது. 1992 ஏப்ரல் தேர்தலில் கன்சர்வேடிவ் கட்சி 21 இடப் பெரும்பான்மையோடு வென்று, தொடர்ந்து நான்காவது முறையாக ஆட்சியமைத்தது.

2019இல் அதே கட்சி மற்றொரு முறை மீண்டது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறுவதில் பிரதமர் தெரேசா மே முட்டுக்கட்டையில் சிக்க, அந்த மே மாத ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் கட்சி ஐந்தாம் இடத்துக்குத் தள்ளப்பட்டது. ஜூலையில் பொறுப்பேற்ற போரிஸ் ஜான்சன், வெளியேற்றத்தை முடித்தே தீருவது என்ற ஒரே உறுதிமொழியை முன்வைத்து டிசம்பர் தேர்தலில் 365 இடங்களைப் பெற்றார்.

கனடாவில் 2025 ஜனவரி 6 அன்று ஜஸ்டின் ட்ரூடோ விலகலை அறிவித்தபோது, கருத்துக்கணிப்புகளில் லிபரல் கட்சி கன்சர்வேடிவ் கட்சியைவிட 20 புள்ளிகளுக்கும் மேல் பின்தங்கியிருந்தது. கனடா, இங்கிலாந்து ஆகிய இரு நாடுகளின் மத்திய வங்கிகளுக்கும் ஆளுநராக இருந்த மார்க் கார்னி மார்ச் 14 அன்று பிரதமரானார். மக்களிடம் கசப்பை ஏற்படுத்தியிருந்த, நுகர்வோர் மீதான கார்பன் கட்டணத்தை அன்றே கைவிட்டார். அமெரிக்க அதிபர் டொனால்ட் டிரம்பின் சுங்கவரி மிரட்டலும், கனடாவை 51ஆவது மாநிலமாக்கும் பேச்சும் தேர்தலின் பொருளையே மாற்றிவிட்டன. ஏப்ரல் 28 அன்று லிபரல் கட்சி 343 இடங்களில் 169ஐப் பெற்று ஆட்சியைத் தக்கவைத்தது. கன்சர்வேடிவ் கட்சியும் 40 விழுக்காட்டுக்கு மேல் வாக்குப் பெற்றது. புதிய ஜனநாயகக் கட்சியின் ஆதரவாளர்கள் பெருமளவில் லிபரல் பக்கம் சாய்ந்ததே முடிவைத் தீர்மானித்தது. இங்கே தலைவர் மாற்றம், கொள்கை மாற்றம், வெளியிலிருந்து வந்த நெருக்கடி ஆகிய மூன்றும் ஒன்றுசேர்ந்தன.

மீட்காத மாற்றங்கள்

கனடாவிலேயே இதற்கு நேர்மாறான இரு நிகழ்வுகள் உண்டு. 1984 ஜூன் இறுதியில் பியேர் ட்ரூடோவுக்குப் பின் பிரதமரான ஜான் டர்னர் உடனே தேர்தலுக்குச் சென்றார். ட்ரூடோ விலகும் தறுவாயில் தன் கட்சிக்காரர்களுக்கு வாரி வழங்கிய பதவி நியமனங்களை டர்னர் ரத்து செய்யவில்லை. மேலும் சிலவற்றைத் தானும் செய்தார். 1980இல் 147 இடங்களைப் பெற்றிருந்த லிபரல் கட்சி 40ஆகச் சுருங்கியது. 1993இல் பிரையன் மல்ரோனியின் இடத்துக்கு வந்த கிம் கேம்பல், அந்நாட்டின் முதல் பெண் பிரதமர். தொடக்கத்தில் அவருக்கு நல்ல வரவேற்பு இருந்தது. ஆனால் 1991இல் வந்த சரக்கு சேவை வரி நீடித்தது. வேலையின்மை கடுமையாக இருந்தது. மேற்கு மாகாணங்களிலும் கியூபெக்கிலும் கட்சியின் அடித்தளம் புதிய கட்சிகளுக்குப் போய்விட்டது. 1988இல் 169 இடங்களை வென்ற முற்போக்கு கன்சர்வேடிவ் கட்சி 1993 அக்டோபரில் இரண்டு இடங்களை மட்டுமே பெற்றது. கேம்பல் தன் தொகுதியிலும் தோற்றார்.

அடுத்தடுத்து தலைவர்களை மாற்றுவது மேலும் கேடாக முடிகிறது. நியூசிலாந்துத் தொழிற்கட்சி 1989இல் டேவிட் லாங்கேயிடமிருந்து ஜெஃப்ரி பாமருக்கும், 1990 செப்டம்பரில் மைக் மூருக்கும் மாறியது. மூர் பதவியேற்று எட்டு வாரத்துக்குள் நடந்த தேர்தலில் கட்சி படுதோல்வி கண்டது. பிரிட்டனில் 2022ஆம் ஆண்டு ஜான்சன், லிஸ் ட்ரஸ், ரிஷி சுனக் என மூவர் பிரதமர் பதவியில் இருந்தனர். ட்ரஸ் அரசின் செப்டம்பர் மாத வரவு செலவு அறிவிப்பு நிதிச் சந்தைகளை நிலைகுலையச் செய்தது. பொருளாதாரத்தைத் திறமையாக நடத்தும் கட்சி என்ற பெயரே பறிபோனது. சுனக் சந்தைகளை அமைதிப்படுத்தினாலும் அந்தப் பெயரை மீட்க முடியவில்லை. 2024 ஜூலையில் கட்சி 121 இடங்களோடு வரலாறு காணாத தோல்வியடைந்தது.

எதிர்க்கட்சிகளில் தலைமை மாற்றம்

ஆட்சிச் சுமை இல்லாததால் எதிர்க்கட்சிக்குத் தலைமை மாற்றம் கூடுதலாக உதவக்கூடும். 2017 ஆகஸ்ட் 1 அன்று, தேர்தலுக்கு ஏழு வாரங்களே இருக்கையில், நியூசிலாந்துத் தொழிற்கட்சித் தலைவர் ஆண்ட்ரூ லிட்டில் விலகினார். ஜெசிந்தா ஆர்டன் பொறுப்பேற்றதும் 24 விழுக்காடு அளவில் இருந்த ஆதரவு ஏறி, தேர்தலில் 36.9 விழுக்காடானது. அப்போதும் நேஷனல் கட்சியே தனிப்பெரும் கட்சியாக இருந்தது. வின்ஸ்டன் பீட்டர்ஸின் நியூசிலாந்து ஃபர்ஸ்ட் கட்சி ஆதரவளித்ததால்தான் ஆர்டன் பிரதமரானார். விகிதாசாரத் தேர்தல் முறை இல்லாத நாட்டில் அதே ஏற்றம் ஆட்சியாக மாறியிருக்கும் என்று சொல்ல முடியாது.

மாறாக, 1997இல் 165 இடங்களுக்குச் சரிந்த பிரிட்டிஷ் கன்சர்வேடிவ் கட்சி வில்லியம் ஹேக், இயன் டங்கன் ஸ்மித், மைக்கேல் ஹோவர்ட் என மூவரை முயன்று பார்த்தது. 2001இல் 166 இடங்கள், 2005இல் 198 இடங்கள் என அதன் முன்னேற்றம் மெதுவாகவே இருந்தது. எதிரே இருந்த அரசு மக்களின் நம்பிக்கையை இழக்காதவரை எதிர்க்கட்சித் தலைவர் யார் என்பது பெரிய வேறுபாட்டை உண்டாக்கவில்லை.

ஆஸ்திரேலிய அனுபவம்

2010 முதல் 2018 வரை ஆஸ்திரேலியாவில் பதவியிலிருந்த பிரதமர்கள் நான்கு முறை சொந்தக் கட்சியாலேயே மாற்றப்பட்டனர். 2010 ஜூனில் கெவின் ரட்டை நீக்கி ஜூலியா கிலார்ட் வந்தார். இரண்டு மாதங்களில் நடந்த தேர்தலில் தொழிற்கட்சி பெரும்பான்மையை இழந்து, 150இல் 72 இடங்களோடு சிறுபான்மை அரசை அமைத்தது. ரட்டின் சொந்த மாநிலமான குயின்ஸ்லாந்தில் இழப்பு மிகுதி. 2013 ஜூனில் ரட் திரும்ப வந்தும் செப்டம்பரில் கட்சி தோற்றது. 2015இல் லிபரல் கட்சியின் பிரதமர் டோனி அபட்டை வீழ்த்திய அதே கட்சியின் மால்கம் டர்ன்புல், கருத்துக்கணிப்புகளில் தொடர்ந்து பின்தங்கியதைக் காரணமாகச் சொன்னார். 2016இல் அவர் 76 இடங்களோடு தப்பிப் பிழைத்தார். 2018 ஆகஸ்டில் அவரும் வீழ்த்தப்பட்டார். விலகிய அவரது வென்ட்வொர்த் தொகுதியை இடைத்தேர்தலில் இழந்ததால் அரசு பெரும்பான்மையையும் இழந்தது. ஆயினும் 2019 மே மாதத் தேர்தலில், டர்ன்புல்லுக்குப் பின் பிரதமரான ஸ்காட் மாரிசன் கருத்துக்கணிப்புகளைப் பொய்யாக்கி வென்றார்.

நான்கு மாற்றங்களில் தெளிவான வெற்றி ஒன்றே. அதிலும் தொழிற்கட்சி முன்வைத்த வரித் திட்டங்கள் மீதான அச்சத்துக்குப் பங்கு உண்டு. தேர்தலில் வென்று வந்த பிரதமரைக் கட்சிக்காரர்கள் ஒரே இரவில் தூக்கியெறிவது மக்களிடம் வெறுப்பை வளர்த்தது. அதனால் 2013இல் தொழிற்கட்சியும் 2018இல் லிபரல் கட்சியும் பிரதமரை நீக்குவதைக் கடினமாக்கும் விதிகளைக் கொண்டுவந்தன.

இந்திய மாநிலங்கள்

இந்தியாவில் பாரதிய ஜனதா கட்சி தேர்தலுக்கு முன் முதலமைச்சரை மாற்றுவதைப் பலமுறை கையாண்டுள்ளது. குஜராத்தில் 2021 செப்டம்பரில் விஜய் ரூபானிக்குப் பதிலாகப் பூபேந்திர படேல் வந்தார். அமைச்சரவை முழுவதும் புதுமுகங்களாயிற்று. 2022 தேர்தலில் கட்சி 182 இடங்களில் 156ஐ வென்றது. எதிர்ப்பு வாக்குகளைக் காங்கிரசும் ஆம் ஆத்மி கட்சியும் பங்கிட்டுக்கொண்டதும் இதற்கு உதவியது. உத்தராகண்டில் தேர்தலுக்கு முன் முதலமைச்சராக்கப்பட்ட புஷ்கர் சிங் தாமி தன் தொகுதியில் தோற்றாலும் கட்சி வென்றது. ஹரியானாவில் 2024 மார்ச்சில் மனோகர் லால் கட்டாரின் இடத்துக்கு நாயப் சிங் சைனி வந்தபின், 2019இல் 40ஆக இருந்த இடங்கள் 48ஆக உயர்ந்தன.

இதே வழி கர்நாடகத்தில் பலிக்கவில்லை. 2021இல் எடியூரப்பாவை அடுத்து வந்த பசவராஜ் பொம்மையின் தலைமையில் கட்சி 2023இல் 66 இடங்களே பெற்றது. காங்கிரஸ் 135 இடங்களை வென்றது. மக்களிடம் வேரூன்றிய தலைவர் விலக்கப்பட்டார். அவரது அரசு மீதான ஊழல் குற்றச்சாட்டுகளோ அடுத்த அரசிலும் தொடர்ந்தன. டெல்லியில் 1998ஆம் ஆண்டு வெங்காய விலை ஏற்றத்துக்கு நடுவே, தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்பு சுஷ்மா சுவராஜ் முதலமைச்சராக்கப்பட்டும் கட்சி 70இல் 15 இடங்களோடு நின்றது. பஞ்சாபில் காங்கிரஸ் 2021 செப்டம்பரில் அமரிந்தர் சிங்கை விலக்கிச் சரண்ஜித் சிங் சன்னியை அமர்த்தியது. மாநிலக் கட்சித் தலைவர் நவ்ஜோத் சிங் சித்துவுடனான பூசல் ஓயவில்லை. அமரிந்தர் தனிக்கட்சி தொடங்கினார். 2017இல் 77 இடங்களை வென்ற காங்கிரஸ் 2022இல் 18ஆகச் சுருங்கியது. போட்டியிட்ட இரு தொகுதிகளிலும் சன்னி தோற்றார்.

பிளவின் விலை

தலைமை மாற்றத்தின்போது கட்சி ஒன்றாக நிற்கிறதா என்பது எந்தத் தலைவர் வருகிறார் என்பதற்கு நிகராக முக்கியம். தமிழ்நாடு இதற்கு இரு சான்றுகளைத் தருகிறது. இரண்டிலும் மாற்றம் தலைவரின் மறைவால் நேர்ந்தது. 1969 பிப்ரவரியில் அண்ணாதுரை மறைந்ததும் மு. கருணாநிதி முதலமைச்சரானார். தி.மு.க. சிதறாமல் நின்று 1971இல் 234 இடங்களில் 184ஐ வென்றது. 1987 டிசம்பரில் எம்.ஜி.ஆர். மறைந்தபின் அ.தி.மு.க. ஜானகி அணி, ஜெயலலிதா அணி எனப் பிளந்தது. 1989 தேர்தலில் ஜெயலலிதா அணி 27 இடங்களையும் ஜானகி அணி 2 இடங்களையும் பெற, தி.மு.க. ஆட்சியைப் பிடித்தது. அணிகள் இணைந்து இரட்டை இலைச் சின்னமும் திரும்பக் கிடைத்தபின், 1991இல் அதே கட்சி காங்கிரசோடு சேர்ந்து பெருவெற்றி கண்டது.

பலன் தரும் சூழல்கள்

இந்த நிகழ்வுகளை ஒருங்கே நோக்கினால், மாற்றம் பலித்த இடங்களில் சில பொதுக்கூறுகள் தெரிகின்றன. பழைய தலைவர் கட்சியைவிட அதிகமாக வெறுக்கப்பட்டிருந்தார். அவரோடு சேர்ந்து மக்கள் வெறுத்த ஒரு திட்டமும் போயிற்று, அல்லது தேங்கிக் கிடந்த ஒரு சிக்கலுக்குத் தெளிவான முடிவு முன்வைக்கப்பட்டது. விலக்கப்பட்டவரின் ஆதரவாளர்கள் புதியவருக்கு எதிராக வேலை செய்யவில்லை. எதிரணி பிளவுபட்டிருந்தது, அல்லது தன் திட்டங்களாலேயே வாக்காளரை அச்சுறுத்தியது.

கால இடைவெளி மட்டும் எதையும் தீர்மானிப்பதில்லை. மேஜருக்குப் பதினாறு மாதங்கள் கிடைத்தன, கார்னிக்கு ஆறு வாரங்களே கிடைத்தன, இருவரும் வென்றனர். டர்னருக்கு இரண்டு மாதங்களும் சுனக்குக்கு இருபது மாதங்களும் இருந்தன, இருவரும் தோற்றனர். ஆனால் புதிய தலைவர் மீதான ஆர்வம் நிலைத்து நிற்பதில்லை. பிரிட்டிஷ் தொழிற்கட்சியில் 2007 ஜூனில் டோனி பிளேருக்குப் பின் பிரதமராக வந்த கார்டன் பிரவுன், செல்வாக்கு உயர்ந்திருந்த அந்த இலையுதிர் காலத்தில் தேர்தலைத் தவிர்த்தார். 2010இல் தேர்தல் வந்தபோது அந்தச் செல்வாக்கு கரைந்துபோயிருந்தது; கட்சி 258 இடங்களோடு ஆட்சியை இழந்தது.

விலைவாசி, வேலையின்மை, ஊழல், நீண்ட ஆட்சியின் சலிப்பு ஆகியவை கட்சியின் பெயரோடு ஒட்டிக்கொள்பவை. தலைவர் போனாலும் அவை போவதில்லை. ஆகவே தலைமை மாற்றம் ஒரு கட்சிக்குத் தருவது, வாக்காளர் தன்னை மறுபடி ஒருமுறை கவனித்துக் கேட்கும் வாய்ப்பு மட்டுமே. அந்த வாய்ப்பில் சொல்வதற்குப் புதிய கொள்கையும் அதைச் செயல்படுத்த ஒற்றுமையும் உள்ள கட்சியே பயனடைகிறது.